வின்னி அந்த வாசலை மிதிக்கவில்லை

ஐரோப்பாவை விட்டு வெளியேறுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் அன்றைக்குத்தான் ஓட்டுப் போட இருந்தது. நான் மனசுக்குள் எப்போதோ போட்டாயிற்று. என் படகை ரம்பம் வைத்து அறுத்த அன்றே.

அதை நீட்டி முழக்க மாட்டேன். மீன் குறைந்துவிட்டது, படகைக் குறையுங்கள் என்று ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் கோட்டுப் போட்டவர்கள் சொன்னார்கள். லண்டனில் கோட்டுப் போட்டவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் ஊர் லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் நின்று நான் பார்த்தேன். அரை நாளில் படகு விறகாகிவிட்டது. அவ்வளவுதான்.

ஐரோப்பாவை விட்டு வெளியேறுவது சுலபம். வீட்டை விட்டு வெளியேறுவதுதான் கஷ்டம்.

வின்னி என் மனைவி. நான் எதற்கு ஓட்டுப் போட்டாலும் அவள் எதிராகப் போடுவாள். நான் நீலக் கட்சி, அவள் சிவப்பு. கல்யாணமான புதிதில் ஒரே குடையில் போவோம். அவள் ஓட்டை நான் அடிப்பேன், என் ஓட்டை அவள் அடிப்பாள், இரண்டு பேரும் நனைந்து திரும்புவோம். ஒரு தேர்தலில் அவள்தான் கேட்டாள், "இதுக்கு எதுக்கு நனையணும்?" என்று. நாடாளுமன்றத்திலேயே அப்படி ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், ஜோடி சேர்ந்து இரண்டு பேருமே ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவார்கள். கணக்கு சரியாகிவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடு. தேர்தலன்று கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிறைச்சி புட்டிங் சாப்பிடுவோம்.

இந்த முறை அப்படி விட முடியுமா?

அவளாலும் முடியாது. அது எனக்குத் தெரியும். எங்கள் மகள் ரோவினா ஆன்ட்வெர்ப்பில் இருக்கிறாள், ஒரு பெல்ஜியக்காரனைக் கட்டிக்கொண்டு. பேத்திக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. நாடு வெளியேறினால் மகளுக்கு அங்கே என்ன கதி, நாங்கள் போய்வர என்ன வழி என்று வின்னிக்குக் கவலை. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். சமையலறையில் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்ப்பாள்.

ஊரும் சரியில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் அட்டை. ஒரு வீட்டில் 'வெளியேறு', பக்கத்து வீட்டில் 'இரு'. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முந்தின வாரம் வடக்கே ஒரு பெண் எம்.பி.யை ஒருத்தன் நடுத்தெருவில் கொன்றுபோட்டான். அதற்குப் பிறகு எங்கள் மதுக்கடையில்கூடச் சத்தம் இல்லை.

என் திட்டம் இது. அவளை ஏற்பாட்டில் பூட்டிவிட்டு நான் மட்டும் நழுவுவது. கேவலம்தான். ஆனால் அறுபட்டது என் படகு.

காலையில் ஆரம்பித்தேன்.

"வின்னி, மழை கொட்டுது."

"கொட்டட்டும். உன்னை யாரு நிறுத்தச் சொன்னா?"

"வழக்கம்போல ரெண்டு பேரும் வீட்லயே இருந்துடலாமா?"

ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த ஓட்டுக்குமா?"

"ஓட்டுன்னா ஓட்டுதானே."

"சரி. இன்னிக்கு நான் அந்த சர்ச் ஹால் வாசலை மிதிக்க மாட்டேன். போதுமா?"

வின்னி எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது கிடையாது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சட்டைப் பையில் சொந்தப் பேனாவைச் சொருகிக்கொண்டேன். ஓட்டுச் சாவடியான அந்த சர்ச் ஹாலில் நூலில் கட்டித் தொங்குகிற பென்சில்தான் இருக்கும். பென்சிலில் போட்டால் அரசாங்கத்து ஆட்கள் ரப்பர் வைத்து அழித்துவிடுவார்கள் என்று வெளியேறச் சொல்கிற என் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பேனா மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"ரொட்டி தீர்ந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்."

"நனையாதே, காரை எடு. போற வழிதானே? மிஸஸ் கேட்ச்போலை ஹால்ல இறக்கிவிட்டுடு. பாவம், முட்டி வலி அவங்களுக்கு."

காதில் தேன். ஹாலுக்குப் போக அவளே சாக்குக் கொடுக்கிறாள்!

பக்கத்து வீட்டு மிஸஸ் கேட்ச்போல் ஏறினாள். வழியெல்லாம் பேச்சு. பேரன் ஸ்பெயினில் வேலை பார்க்கிறானாம். "இருக்கறதுக்குத்தான் போடப் போறேன். நீ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதே, ஹெட்லி."

"நெனச்சுக்கலை." பல்லைக் கடித்தேன்.

ஹாலில் அவள் என் கையை விடவில்லை. வரிசையிலும் விடவில்லை. அவள் போட்டு முடித்ததும் நான் நழுவலாம் என்று பார்த்தால், "ஐயய்யோ, அடுப்பில கேக்! ஓட்டு, ஓட்டு!" என்றாள்.

"நானும் ஓட்டுத்தான்…"

"காரை ஓட்டு, மனுஷா!"

வீட்டு வாசலில் அவளை இறக்கினேன். என் வீட்டு வாசலில் மழைக்கோட்டோடு மிஸஸ் அட்டிங் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாலு கால் ஊன்றுகோல். அதற்குப் பின்னால் வின்னி.

"ரொட்டி எங்க?"

"கடைக்குப் போகலை இன்னும்."

"அப்ப திரும்பப் போகத்தானே போற? இவங்களையும் ஹால்ல விட்டுட்டு வா."

மிஸஸ் அட்டிங்கைக் காரில் ஏற்றுவது மீன் நிறைந்த வலையைப் படகில் ஏற்றுவது மாதிரி. அவளும் இருக்கத்தான் போடுகிறாளாம். அவளைக் குளிப்பாட்டுகிற பெண் போர்ச்சுகல்காரி. "அவ போயிட்டா என்னை யாரு ஹெட்லி தொடுவாங்க?" என்று கேட்டாள். வைப்பரை வேகமாகப் போட்டேன்.

அவளுக்கு வரிசையில் நிற்க முடியாது. நாற்காலி தேடினேன். ஊன்றுகோலைப் பிடித்தேன். மடித்த ஓட்டுச் சீட்டைப் பெட்டிக்குள் தள்ள அவள் கை நடுங்கியது. நான்தான் பெட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். என் கண் முன்னாலேயே விழுந்தது.

மறுபடி வீடு. மறுபடி ஒரு கிழவி. இந்த முறை மிஸஸ் தர்லோ, தொண்ணூறைத் தாண்டியவள்.

"வின்னி, நான் ரொட்டி வாங்கப் போறேனா, பஸ் ஓட்டறேனா?"

"ஏன், ஹாலுக்குப் போறதில உனக்கு ஏதாவது கஷ்டமா?"

கிழவியை ஏற்றிக்கொண்டேன்.

மிஸஸ் தர்லோ வழியெல்லாம் மழையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹால் கிட்டே வந்ததும் சொன்னாள்.

"எங்க அண்ணன் பிரான்ஸ்ல, நார்மண்டி மண்ணுக்குள்ள கிடக்கான். போருக்குப் போனவன். வெளியேறினா அவனை அங்கேயே விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு எனக்கு."

நான் காரை நிறுத்தினேன்.

"உன் பொண்டாட்டிகிட்ட நேத்து சொன்னேன், நீயும் என்னோட வாடின்னு. அதுக்கு அவ, 'ஹெட்லி சொன்னா வீட்லயே இருந்துடுவேன், அது எங்க ஏற்பாடு'ன்னா. ரோவினாவை நெனச்சு அழுதுக்கிட்டேதான் சொன்னா. நீ குடுத்துவச்சவன்."

அவள் ஓட்டுப் போட்டாள். இந்தக் கிழவிக்கு அவசரமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். வரிசையும் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பேரு சொல்லுங்க?"

பையில் பேனா இருந்தது. கண்ணில் படகு இருந்தது. ரம்பத்தின் சத்தம்கூடக் கேட்டது. கூடவே வீட்டில் அந்தப் பாத்திரம் தேய்கிற சத்தமும் கேட்டது.

"ஒண்ணுமில்லை. கிழவியைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

வெளியே வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அது. சத்தியமாக வலித்தது.

வீட்டில் புட்டிங் ஆவி பறந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றாமலே ஆரம்பித்தேன்.

"வின்னி, நான் ரொட்டி வாங்கப் போகலை."

"தெரியும். ரொட்டிக்கு எதுக்குப் பேனா?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "ஓட்டுப் போடப் போனேன். உன்னை ஏமாத்திட்டு."

"ம்."

"ஆனா போடலை. மேஜை வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். நீ வார்த்தையைக் காப்பாத்தறே. நான் மட்டும் எப்படி?"

வின்னி கரண்டியை வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு என் கையைப் பிடித்தாள்.

"ஹெட்லி, உனக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். படகை அறுத்த அன்னிக்கு நீ சாப்பிடவே இல்லை."

"விடு."

"இவ்வளவு நல்லவனா இருப்பேன்னு நான் நெனக்கலையே. இப்ப நான் சொல்லாம இருந்தா பாவம்."

"என்னத்தை?"

"நான் ஓட்டைத் தபால்ல போட்டுட்டேன். போன வாரமே."

தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"வாசலை மிதிக்க மாட்டேன்னியே!"

"மிதிச்சேனா?"

"ஏற்பாடு என்ன ஆச்சு?"

"ஏற்பாடு நீ பேசினது இன்னிக்குக் காலையில. நான் போட்டது போன வாரம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ மழையைப் பத்தித்தானே பேசின?"

"தர்லோ கிழவிகிட்ட அழுதது?"

"அது நிஜம்." என் கையை இறுக்கினாள். "அது நிஜம்டா. கட்சிச் சண்டைன்னா ஏற்பாடு. இது என் பொண்ணு. நாளைக்கு ஜெயிக்கப்போறது உன் ஆளுங்கதான்னு எனக்குத் தெரியும். என் ஒரு ஓட்டால எதுவும் நிக்காது. இருந்தாலும் அவளுக்காக நான் ஒண்ணுமே செய்யலைன்னு இருக்கக் கூடாது."

கோபப்பட முயன்றேன். வரவில்லை. அவள் பெண்ணுக்காகப் போட்டாள். என் படகுக்கு யார் போடுவது? எழுந்தேன். சாவியை எடுத்தேன்.

"எங்க?"

"ஹால் இன்னும் திறந்திருக்கு. நியாயமா என் ஓட்டைப் போட்டுட்டு வரேன். ஒண்ணுக்கு ஒண்ணு. கணக்கு சரியாயிடும்."

"தாராளமா போ. அதுதான் நியாயம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கழுத்துத் துணியை எடுத்து எனக்கு அவளே சுற்றிவிட்டாள். கதவைத் திறந்துவிட்டாள்.

"போற வழியில மிஸஸ் பார்ஜிட்டர் குடையோட நிப்பாங்க. நீ எப்படியும் வருவேன்னு மதியமே சொல்லி வச்சிருக்கேன்."

இருக்கத்தான் போடப் போகிறேன் என்ற கிழவி பின் சீட்டில் ஏற மாட்டேன் என்றாள். முன்னாலேயே உட்கார வைத்துக்கொண்டு போனேன்.