தலைக்கணக்கு அண்ணையின் வட்டாரம்

ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சிறிய ஊரில் கணினி பிழை விடலாம், நகரசபை பிழை விடலாம், தலைக்கணக்கு அண்ணை மட்டும் பிழை விடமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊர் ஓரத்துச் சிறைச்சாலையில் அவர் சமையற்காரர். எத்தனை தலை என்று தெரிந்தால்தான் அடுப்பை மூட்டுவார். அந்தப் பழக்கம் வெளியிலும் அவரை விடவில்லை. எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு அவர்தான் சமைத்தார். வாசலில் நின்று வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, எழுபத்தெட்டரை.”

“அதென்ன அண்ணை அரை?”

“உங்கட மச்சாளுக்கு இது ஏழாம் மாதமெல்லோ? அவவுக்கு ஒண்டரைப் பங்கு போட்டிருக்கிறன்.”

மச்சாள் இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அன்று சோறு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த மனிதருக்கு நகரசபைத் தேர்தலில் நிற்கும் ஆசை வந்தது. எங்கள் தெருவில் பாதிப்பேர் தமிழர், அந்த நம்பிக்கைதான். கல்யாணத்துக்குச் சொல்லும் முறைப்படியே வாக்குக் கேட்கக் கிளம்பினார். பட்டு வேட்டி, பக்கத்தில் மனைவி, கையில் குங்குமச் சிமிழ். எதிர்வீட்டு ஜெர்மன் தாத்தா நெற்றியில் பொட்டோடு என்னிடம் வந்து, கல்யாணம் எந்தத் தேதி, என்ன பரிசு வாங்கலாம் என்று விசாரித்தார்.

அந்த நேரம் பார்த்து நகரசபையிலிருந்து ஓர் அறிவித்தல். எங்கள் தேர்தல் வட்டாரத்தில் ஆட்தொகை அளவுக்கு மேல் கூடிவிட்டதாம். எங்கள் தெருவை வெட்டி அடுத்த வட்டாரத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். தெரு போனால் அண்ணையின் வாக்குகளும் போய்விடும்.

“ஆக்கள் கூடேல்லை தங்கச்சி! மறியலில, எங்கட சிறைச்சாலையில இருக்கிறவையையும் சேர்த்து எண்ணிப்போட்டினம். எனக்குத் தெரியாத கணக்கே? அவையை எடுத்துவிட்டால் எங்கட தெரு தப்பும். ஒரு கடிதம் எழுதித் தாங்கோ.”

ஊரில் ஜெர்மன் கடிதம் எல்லாம் என் தலையில்தான் விழும். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ‘ரெர்மின்’ என்று இங்கே சொல்லும் சந்திப்பு நேரம் எடுத்து இருவரும் நகரசபைக்குப் போனோம். சிறையில் இருப்பவர்களை அவரவர் வீட்டு விலாசத்தில் எண்ணுங்கள் என்று அண்ணை ஜெர்மன் மொழியில் முழங்கினார்.

அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “வெளியே வீடு உள்ளவர்களை அந்த வீட்டில்தான் எண்ணியிருக்கிறோம். இங்கே எண்ணியிருப்பது வேறு விலாசமே இல்லாதவர்களை. கடிதத்தைத் தந்தால் குழுவில் வைப்போம், நீக்கினாலும் நீக்குவார்கள். ஆனால் அவர்களை எங்கே எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

அண்ணை மேசைமேல் கிடந்த கடிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன அண்ணை செய்யிறியள்? தெரு போகப்போகுது!”

“போகட்டும். இஞ்சையும் இல்லையெண்டால் அந்தப் பெடியள் எங்கையும் இல்லையெண்டெல்லோ வரும்? நான் வந்த புதுசில அகதி முகாம்தான் என்ர விலாசம். அதையும் வெட்டியிருந்தால் நான் எங்க போறது?”

என் கோபம் அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது. அவர் அடங்கவில்லை. அவர்களும் வட்டாரத்து ஆட்கள்தான் என்று ஆனபிறகு சொல்லாமல் விடலாமா என்று, குங்குமச் சிமிழோடு சிறைக்குள்ளும் போகப் பார்த்தார். வாசல் காவலர்கள் அந்தச் சிவப்புத் தூளைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வேலையிடத்தில் வாக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லி அவரைச் சமையலறைக்கு அனுப்பினார்கள்.

தெரு போனது. தேர்தலிலும் தோற்றார். அவர் நின்றது பழைய வட்டாரத்தில்; வெட்டிய தெருவில்தான் அவருடைய வீடும் இருந்ததால், தன் பெயருக்குத் தானே வாக்குப் போடக்கூட அவரால் முடியவில்லை. முடிவு வந்த அன்று நான் ஆறுதல் சொல்லப் போனேன். கதவைத் திறந்தவர் முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை.

“வாங்கோ தங்கச்சி, தோசை சுடுறன். சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

நகரசபையில் யார் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. எங்கள் தெருவில் அவர் இருக்கிறார். எனக்கு அது போதும்.