மெழுகில் முக்காத பிக்கப்

கிட்டார் வாசிப்பவர்களுக்குத் தங்கள் விரலில் குறை இருப்பதாக ஒருபோதும் தோன்றாது. குறை கம்பியில் இருக்கும், வயரில் இருக்கும், ஸ்பீக்கரில் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் பாட்டு உருப்படவில்லை என்றால் பிக்கப்பில் இருக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், மறுக்கவில்லை. ஆனால் என் அக்கா சுமதியின் கல்யாண வரவேற்பில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. இதை வீட்டில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். யாரும் கேட்கிற மாதிரி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பிக்கப் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். (எங்கள் சொந்தக்காரர்கள் இன்னும் அது சரக்கு ஏற்றுகிற வண்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறந்து ஸ்பீக்கருக்குப் போகும். ஒரே ஒரு சுருள் இருந்தால் கிணற்று மோட்டார், டியூப்லைட் எல்லாம் சேர்ந்து அதில் 'ம்ம்ம்' என்று இரையும். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த இரைச்சலை அடக்கினால் அதற்குப் பெயர் ஹம்பக்கர்.

என் கிட்டாரில் இருந்தவையும் ஹம்பக்கர்கள்தான். ஆனால் மட்டமானவை. குடத்துக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல ஒரு தொனி. அக்கா கல்யாணத்தில் வாசிக்கப்போகிறேன் என்று முடிவானதும் அவற்றை மாற்றுவது என்றும் முடிவு செய்தேன்.

மாற்றுவது சுலபம், தேர்ந்தெடுப்பதுதான் கொடுமை. அல்நிகோ காந்தமா, செராமிக் காந்தமா? சுருள் அதிகமா, குறைவா? மேலே உலோக மூடி வேண்டுமா, வேண்டாமா? கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கிறவர்கள் இணையத்தில் போட்ட சண்டைகளை வாரக்கணக்கில் படித்தேன். சுருள் இறுகி நிற்கச் சில கம்பெனிகள் பிக்கப்பை உருக்கிய மெழுகில் முக்கி எடுக்குமாம். அந்தச் சண்டைக்காரர்களில் பூனைப் படத்தை முகமாக வைத்திருந்த ஒரு ஆசாமி எழுதியிருந்தார்: மெழுகில் முக்கிய பிக்கப் செத்த பிக்கப், முக்காததுதான் மூச்சு விடும் என்று. அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அவருக்கு அக்கா உண்டா, அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஆனதா என்றும் தெரியாது. ஆனாலும் நம்பினேன்.

கோயம்புத்தூர்க் கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் என் காந்தக் கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கருப்பு வேணுங்களா, க்ரீம் கலருங்களா?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. மெழுகு என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் கம்பெனிக்காரன் சமாச்சாரமுங்க" என்றார். பிறகு நானே பெட்டிகளைப் புரட்டிப் புரட்டி, மெழுகில் முக்காத ஜோடி ஒன்றைத் தேடி எடுத்து வந்தேன்.

என்னோடு கீபோர்டு வாசிக்கப்போகிற வெங்கிடேஷ் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன். கல்லூரியிலிருந்தே நண்பன். அவன் வீட்டில் வைத்துத்தான் பழையதைக் கழற்றிப் புதியதைச் சால்டர் செய்தோம். "பிக்கப்ப மாத்தினா நீ நன்னா வாசிப்பேன்னு நோக்கு யாரு சொன்னா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அங்கே ஒத்திகையில் தொனி அருமையாக இருந்தது. ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள், சத்தத்தை ஏற்றவே முடியாது. முழுச் சத்தத்தில் அந்தப் பிக்கப் என்ன செய்யும் என்று பார்க்க எனக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுமதி அக்கா மூணாறில் டீச்சராக இருந்தவள். மாப்பிள்ளை முத்துக்குமாரை அவளே தேர்ந்தெடுத்துவிட்டாள். எங்கள் தாய்மாமன் ராமசாமி மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை. ஊர் வேறு, பேச்சு வேறு, பழக்கம் வேறு என்று முறுக்கிக்கொண்டு நின்றார். அவர் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது. கடைசியில் அம்மா அழுது, மூணாறு பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற ஊரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அவரை அழைத்துப் போனோம்.

மாப்பிள்ளையின் அப்பா செல்லத்துரை அங்குள்ள நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா அவரிடம் தன் தென்னந்தோப்பைப் பற்றிச் சொன்னார், வாய்க்கால் தகராறைப் பற்றிச் சொன்னார், தேங்காயைக் கெடுக்கிற ஈரியோபைட் பூச்சியைப் பற்றிச் சொன்னார். செல்லத்துரை புன்னகைத்தபடியே இருந்தார், ஒரு வார்த்தை பதில் இல்லை. திரும்பி வரும்போது காரில் மாமா தீர்ப்புச் சொன்னார்.

"அந்தாளுக்குக் காது சுத்தமாக் கேக்காது. டர்பைன் பக்கத்துலயே காலம்பூரா நின்ன மனுசன், பாவம். ஆனா நல்ல மனுசன். நம்மள எதுத்து ஒரு வார்த்தை பேசல பாரு."

அந்த நல்ல குணத்துக்காகவே மாமா சம்மதித்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பமே செல்லத்துரையிடம் கத்திப் பேச ஆரம்பித்தது. மாமா அவருக்குப் போன் செய்வதென்றால் வீட்டுக்கு வெளியே கிணற்று மேட்டுக்குப் போய்விடுவார். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் கல்யாண விவரம் அத்துப்படி.

வரவேற்பு நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. சவுண்டு செட்காரர் என் கிட்டார் வயரை வாங்கி, ஆள் உயரப் பெட்டிகளில் நேராகச் சொருகி, சத்தத்தைத் தாராளமாகத் திறந்துவிட்டார். நான் முதல் பாட்டின் முதல் அடியை அடித்தேன்.

கிட்டார் வீறிட்டது. பாட்டு ஒரு பக்கம், அதன் மேல் ஒரு ஊளை. கையை எடுத்த பிறகும் ஊளை நிற்கவில்லை. குழந்தைகள் அழுதன. மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் நாற்காலியை ஸ்பீக்கருக்கு முதுகு காட்டுகிற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். ஊளை அடங்கியது. அடுத்த பாட்டுக்குத் தயாரானேன்.

அப்போதுதான் ராமசாமி மாமா மேடையேறி வந்தார். என் தோளில் ஒரு கையை வைத்து, கிட்டார் மேல் ஒரு கையை ஊன்றி, குனிந்து என்னிடம் ரகசியம் பேசினார். (மாசக்கணக்கில் கத்திப் பழகியவரின் ரகசியம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.)

"மாப்ள, இதோட நிறுத்திக்க சாமி. சம்பந்திக்குக் காது கேக்காதுங்கற தைரியத்துலதான் உன்னய வாசிக்கவே உட்டோம். அந்தாளே இப்பக் காதப் பொத்தறாரு பாரு."

இவ்வளவும் ஆள் உயரப் பெட்டிகளிலிருந்து வந்தது. கொஞ்சம் கரகரப்போடு, வானத்திலிருந்து பேசுவது போல.

மெழுகில் முக்காத சுருள் தன் பக்கத்தில் வருகிற எந்தச் சத்தத்துக்கும் சேர்ந்து நடுங்கும், முழுச் சத்தத்தில் வைத்தால் அது மைக்காகவே ஆகிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பூனைப் படக்காரர் மூச்சு விடும் என்றுதான் எழுதியிருந்தார். பேசும் என்று எழுதவில்லை.

பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். மாமாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"என்றா, எல்லாரும் நம்மளயே பாக்கறாங்க?" என்றார். அதுவும் வந்தது.

நான் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைக்கும் திருகைத் தேடினேன். கையில் அகப்பட்டது தொனியை மாற்றும் திருகு. அதைத் திருப்பியதும் மாமாவின் குரல் இன்னும் கனத்தது. "எதுக்குடா வேர்க்குது உனக்கு?" என்று அவர் கேட்டது ஜன்னல் கண்ணாடிகளை அதிர வைத்தது.

முன்வரிசையில் செல்லத்துரை எழுந்தார். அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் நிதானமாக மேடைக்கு வந்தார். சவுண்டு செட்காரர் நீட்டிய மைக்கைக் கையால் விலக்கினார். நேராக என்னிடம் வந்து, குனிந்து, கிட்டாரைப் பார்த்துப் பேசினார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு சம்பந்தி. அன்னைக்கு நீங்க பேசும்போது நடுவுல ஒரு வார்த்தை போட எடம் கெடைக்கல, அதான் சும்மா இருந்தேன். பொறவு போன்ல கத்த ஆரம்பிச்சிட்டீங்க. கேக்குன்னு சொன்னா ஒங்க மனசு சங்கடப்படுமேன்னு விட்டுட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. மாமாவின் முகம் கறுத்துச் சிவந்தது. அவர் யாரையும் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு நடந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலை முகூர்த்தம். தாய்மாமன் செய்ய வேண்டிய சீர் ஒவ்வொன்றும் அவர் கையால்தான் ஆக வேண்டும். அவர் போனால் போனதுதான், கூப்பிட்டு வருகிற ஆளில்லை. அக்கா மாலையோடு மேடையிலிருந்து இறங்கத் தொடங்கினாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். செல்லத்துரை என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். மறுபடியும் குனிந்தார்.

"சம்பந்தி, செருப்பப் போடாதீங்க. காது கேக்கலைன்னு நினைச்சும் எங்கிட்ட மணிக்கணக்காப் பேசுன ஒரே மனுசன் நீங்கதான். எங்க வீட்டுல ஒருத்தரும் அப்படிப் பேச மாட்டாக. நீங்க வராம நான் எலையில உக்கார மாட்டேன்."

வாசலில் மாமா ஒரு காலில் செருப்போடு நின்றார். பிறகு அங்கிருந்தே குரல் வந்தது.

"கேக்குதுங்க. கத்தாதீங்க."

அவ்வளவுதான். இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். மாமா விட்ட இடத்திலிருந்து ஈரியோபைட் பூச்சியைத் தொடர்ந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பினாள். எல்லாம் சுபம். என்னைத் தவிர எல்லோருக்கும்.

ஏனென்றால் அதன் பிறகு ஒருவரும் என்னை வாசிக்க விடவில்லை. மணமக்களை வாழ்த்த வந்தவர்களெல்லாம் நல்ல மைக் சும்மா கிடக்க, வரிசையாக வந்து என் வயிற்றை நோக்கிக் குனிந்து வாழ்த்தினார்கள். ஒரு சித்தப்பா கார் நம்பரைச் சொல்லி வண்டியை எடுக்கச் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து வந்த ஒரு அம்மா, கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க முடியுமா, குனிய முடியவில்லை என்று கேட்டார். பிடித்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து கையில் காப்புக் காய்க்க உழைத்த ஒரு கலைஞனை மைக் ஸ்டாண்டாக நிறுத்தினார்கள். "நோக்கு இன்னைக்கு நல்ல கூட்டம், கேட்டயா" என்றான் வெங்கிடேஷ். அவனோடு சில நாள் நான் பேசவில்லை.

அடுத்த மாதமே மெழுகில் முக்கிய ஜோடியை வாங்கி மாட்டினேன். தொனி குறையவே இல்லை. பூனைப் படக்காரர் நாசமாகப் போகட்டும். வீட்டுக்கு வந்த செல்லத்துரை ஆசையாகக் குனிந்து, "அலோ, அலோ" என்றார். ஒன்றும் வராததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "ரிப்பேராப் போச்சாப்பா?" என்றார். சரிசெய்த கிட்டார் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கெட்டுப்போன கிட்டார்.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். மாமாவும் செல்லத்துரையும் ஜோடியாக வந்தார்கள், இப்போதெல்லாம் எங்கும் அப்படித்தான் போகிறார்கள். பெண்ணின் அப்பா என்னைப் பற்றி விசாரித்தார். மாமா வாயைத் திறக்குமுன் செல்லத்துரை முந்திக்கொண்டார்.

"தங்கமான பையன். அவன் வயித்துக்கிட்ட நின்னு ரகசியம் மட்டும் பேசிராதீங்க."

பெண்ணின் அப்பா தயங்கினார். "ஏனுங்க, வயித்துல ஏதாச்சும் ஆபரேசனுங்களா?" என்று கேட்டார். மாமா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது. அந்தக் கதையில் நான் ஒரு பாட்டுக்கூட வாசிக்கவில்லை என்பதைச் சொன்னார்கள், ஏன் என்பதைச் சொல்லவில்லை.

அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. என்னிடம் தனியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், நான் வெறுங்கையோடு நின்றாலும், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு முதுகுப் பக்கமாக வந்துதான் சொல்கிறாள்.