ஆறாம் நம்பர் மாப்பிள்ளை

தந்தியில் என்ன எழுதுவது என்பதில் விருமாண்டிக்குக் குழப்பமே இல்லை. ஆறு. அவ்வளவுதான்.

பம்பாயில் இருக்கும் அக்கா மகள் அழகம்மாளுக்காக, பக்கத்தில் கே.கே. நகரில் உக்கிரபாண்டி என்ற சர்க்கார் உத்தியோகஸ்தரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்ப்பார்களாம்.

எல்லோரையும் போல விவரமாக எழுதினால் தந்தி ஆபீசில் நாலு பேர் படித்து ஆனையூர் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். அதனால் விருமாண்டியே ஒரு பட்டியல் தயாரித்து, பம்பாய் மச்சான், அழகம்மாளின் அப்பா வெள்ளைத்துரைக்கு முன்பே தபாலில் அனுப்பியிருந்தார். ஒன்று என்றால் குடிகாரன். மூன்று என்றால் கடன்காரன். ஆறு என்றால் தங்கமான பையன், முடித்துவிடலாம். வைத்திருப்பது சைக்கிள் கடைதான் என்றாலும், தன் மூளை பட்டாளத்தில் இருக்கவேண்டியது என்பது அவர் எண்ணம்.

கவுண்டரில் இருந்த காளை தந்திப் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெறும் ஆறுதானா? வாழ்த்துத் தந்தியாண்ணே?"

நல்ல சேதிதானே என்று விருமாண்டி தலையாட்டினார்.

மறுநாள் பதில் வந்தது: 'யாருக்குக் குழந்தை?'

பட்டியலில் அப்படி ஒன்றும் கிடையாது. மச்சானுக்கு எதையும் ரெண்டு தடவை சொல்லவேண்டும் என்று சலித்துக்கொண்டு, இன்னொரு ஆறு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அடுத்த பதில்: 'ரெண்டு பிள்ளைக்காரன் வேண்டாம். சம்பந்தத்தை நிறுத்து.'

விருமாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குச் சண்டைக்கே போனார். காளை நிதானமாகச் சுவரில் ஒட்டியிருந்த சர்க்கார் பட்டியலைக் காட்டினான். வாழ்த்துத் தந்தியில் எண்ணைப் போட்டால், அந்த எண்ணுக்குரிய வாசகம்தான் போய்ச் சேருமாம். ஆறு என்றால், புதிதாகப் பிறந்த குழந்தைக்கு வாழ்த்து.

"ஊருக்கெல்லாம் ஒரு நம்பர் இருக்கையில, நீங்களா ஒண்ணு போட்டா எப்படிண்ணே?"

அக்கா மகள் கல்யாணத்தை நாமே கெடுத்துவிட்டோமே என்று விருமாண்டி பதறினார். ரகசியமாவது, பட்டியலாவது. புதுப் பாரம் வாங்கி, எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதினார்: 'குழந்தை எதுவும் இல்லை. கே.கே. நகர் உக்கிரபாண்டி தங்கம். உடனே முடிக்கவும்.'

வாசித்துக்கொண்டே வந்த காளை, பெயரைக் கண்டதும் பேனாவை மூடி வைத்தான்.

"அண்ணே, போன மாசம் திருச்சியில இருந்து இவரோட மாமனார் இவருக்குத் தந்தி குடுத்திருந்தாரு, ரெட்டைப் புள்ள, ரெண்டும் நல்லாருக்குன்னு நாந்தேன் எழுதி இவரு வீட்டுக்கு அனுப்புனேன்."