பன்னிரண்டு ஐஸ் பக்கற்றும் ஒரு குற்றவாளியும்

திருகோணமலையில் இதுவரை பிறந்தவர்களில் அவசரப்படாத மனிதர் ஒரேயொருவர்தான். இழுவைப் படகு பிடித்துத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் கப்பல்கூட அவரைவிடச் சற்று வேகம். தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது ‘பொறுங்கோ’ என்பதால், அவர் பொறுங்கோ. தன்னுடைய கலியாணத்தில் தாலியைக் கையில் எடுத்த பிறகு, மணவறையில் ஒரு பல்ப் மினுங்குவதைக் கண்டு, ஐயரைப் பார்த்துப் ‘பொறுங்கோ’ என்றாராம். நான் கட்டிச் சொல்லவில்லை. அவருடைய மனைவியே என்னிடம் சொன்னது.

அவர் செய்வது மின்சாரப் பொருட்கள் திருத்தும் வேலை. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி, முன்பக்கம் முழுவதும் திறந்த ஒரு கடை. எந்நேரமும் காற்று அள்ளிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் மற்றத் திருத்துநர்களுக்குத் தெரிந்த நோய் ஒன்றே ஒன்றுதான்: உப்புக்காற்று. ரேடியோ பாடாவிட்டாலும் உப்புக்காற்று, ஃபிரிட்ஜ் குளிராவிட்டாலும் உப்புக்காற்று. பொறுங்கோவுக்கு அந்தச் சொல் ஆகாது.

“உப்புக்காத்து எண்டு சொல்லுறது, தெரியாது எண்டு சொல்ல வெக்கப்படுறவன்ர கதை” என்பார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பழுது மூன்று தரம் அவருடைய கண்ணுக்கு முன்னால் நடக்கவேண்டும். அதுவரை ஓர் ஆணியையும் கழற்றமாட்டார். பக்கத்து வீட்டார் கொடுத்த அயன் பெட்டி மூன்றாம் தரம் சுடாமல் போகும்வரைக்கும் ஒரு கிழமை முழுவதும் மடிப்புக் கலையாத சாரத்தோடு திரிந்தார். கிண்ணியாவிலிருந்து வந்த ஓட்டோக்காரத் தம்பி ஒருவர், தன்னுடைய ரேடியோ பாலத்தில் ஏறினால் மட்டும் நின்றுபோகிறது என்று சொன்ன பாவத்துக்கு, கிண்ணியாப் பாலத்தில் பதினான்கு தரம் அங்கும் இங்கும் ஓடவேண்டி வந்தது. பின் சீற்றில் பொறுங்கோ, மடியில் குறிப்பெழுதும் கொப்பியோடு.

இப்படிப்பட்ட ஆளிடம் என்னைப்போல ஒருத்தி போய் மாட்டினாள் என்பதுதான் வேடிக்கை. எனக்குப் பொறுமை மருந்துக்கும் இல்லை. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கமாட்டேன். ஆனால் பழுதானது என்னுடைய பொருள்கூட இல்லை. என் கணவருடைய அம்பிளிபயர்.

அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். வந்து நின்ற கப்பலொன்றின் சமையற்காரரிடம் எப்போதோ வாங்கிய ஜப்பான் சாமான் அது. முகம் முழுக்க வெள்ளிக் குமிழ், நிறை பத்தொன்பது கிலோ. மாலையில் கதிரையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்து பாட்டுக் கேட்பார். சனிக்கிழமைகளில் என்னுடைய நடன வகுப்புக்கும் அதுதான் பாடும். பதினொரு பிள்ளைகள், எல்லாருக்கும் முதல் மேடை. வாசிகசாலை மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. அடித்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு நல்ல முகூர்த்தமாம். ஊரிலிருந்த சவுண்ட் சேர்விஸ் எல்லாம் கலியாண வீடுகளுக்குப் போயாயிற்று. எங்களுக்கு மிஞ்சியது இந்த அம்பிளிபயர் மட்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அதற்குக் குணம் மாறியது. மூன்றாவது உருப்படியில், பிள்ளைகள் ஒற்றைக் காலைத் தூக்கும் இடத்தில், உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். பாட்டு நின்றுவிடும். பதினொரு பிள்ளைகளும் தூக்கிய காலை விடமாட்டார்கள், அப்படியே நிற்பார்கள். நான் ஓடிப்போய் அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுவேன். நாலு செக்கன் யோசித்துவிட்டு இன்னொரு ‘டிக்’. பாட்டு வரும். சில சனிக்கிழமைகளில் ஒழுங்காகப் பாடும். சில சனிக்கிழமைகளில் ஐந்து தரம் பாட்டு அறுந்து விழும். என் கணவரோ, “என்னோட அது ஒருநாளும் கோவிக்கிறேல்லை” என்று என்னையே குற்றவாளி ஆக்கினார்.

நிகழ்ச்சிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பொறுங்கோவிடம் கொண்டுபோனோம்.

“டிக் எண்டிறது பழுதில்லை ரீச்சர்” என்றார். “உள்ளுக்கை ஒரு காவல்காரன் இருக்கிறான், ரிலே எண்டு பேர். ஸ்பீக்கருக்குப் பாட்டுத்தான் போகலாம். டீசி, பற்றரிக் கரண்ட் மாதிரி, அது போனா ஸ்பீக்கர் கருகிப்போம். அது கசிஞ்சு வாறதைக் கண்டவுடனை அவன் கதவைச் சாத்துறான்.”

“அப்ப எங்க கசியுது?”

“பொறுங்கோ.”

ஒரு கிழமை அவருடைய கடையில் அது பாடியது. காலையில் தேவாரம், மத்தியானம் செய்தி, பின்னேரம் பழைய பாட்டு. ஒரு தரமும் விழவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்தச் சனிக்கிழமை மூன்றாவது உருப்படியில், ‘டிக்’.

“அப்ப செற்றில மட்டுமில்லை, உங்கட வீட்டிலயும் ஏதோ இருக்கு” என்றார் பொறுங்கோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை கொப்பி, மீற்றர், வெற்றிலைப்பெட்டி சகிதம் வந்து, என் கணவரின் கதிரையில் ஏறிக்கொண்டார். முதலில் ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பார்த்தார். அப்படியும் ஒரு தரம் விழுந்தது. பிறகு சுவரில் வரும் கரண்டை அளந்தார். பிறகு வெகு நேரம் பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதிர்வாயிருக்கும். பிள்ளையள், எல்லாரும் சேர்ந்து தட்டுங்கோ.”

பதினொரு பேரும் தட்டின தட்டில் அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடின. அம்பிளிபயர் அசையவில்லை. பாட்டைப் போட்டுப் பூனைபோல் ஆடச்சொன்னார். மூன்றாவது உருப்படியில் விழுந்தது. கடைசியில் பிள்ளைகளை நிலத்தில் இருத்தி, கையைக் கட்டச் சொல்லிவிட்டுப் பாட்டை மட்டும் ஓடவிட்டார். அப்போதும் விழுந்தது.

“மூண்டு” என்று கொப்பியில் எழுதினார். “கால் குற்றவாளியில்லை. நல்லாத் தட்டுறியள், பிள்ளையள்.” அவ்வளவும் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நான் எப்படித் துடித்திருப்பேன் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள். ஞாயிறு நிகழ்ச்சி. என் கணவர் நகரத்திலிருந்து வேறொரு திருத்துநரைக் கூட்டிவந்தார். அவர் அம்பிளிபயரைத் தூரத்தில் நின்றே பார்த்தார்.

“உப்புக்காத்து. அந்த ரிலேயைச் சுத்தி ஒரு வயரைப் போட்டுவிடுவம். பிறகு விழாது.”

பத்து நிமிட வேலையாம். எனக்கு ஆசை வராமல் இல்லை. ஆனால் கேள்விப்பட்டுப் பொறுங்கோ வந்துவிட்டார். வேகமாக நடந்து வந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

“கள்ளன் வாறான் எண்டு காவல்காரன் சத்தம் போட்டா, காவல்காரனையோ கட்டி வைக்கிறது?” என்றார். “நாளைண்டைக்கு மேடையில ஸ்பீக்கர் புகைஞ்சா, அந்தப் பிள்ளையள் என்னத்துக்கு ஆடுறது?”

“அண்ணை, நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு. உங்களால ஏலுமோ, ஏலாதோ? அதைச் சொல்லுங்கோ” என்றேன்.

அவர் என் கணவரிடம் திரும்பினார். “நீங்கள் பாட்டுக் கேக்கேக்கை பக்கத்தில என்ன இருக்கும்?”

“ஒண்டுமில்லை. தேத்தண்ணி. ஃபான்.”

“ஃபான்” என்று பொறுங்கோ மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “ரீச்சர், வகுப்பு நேரம் ஃபான் போடமாட்டியளோ?”

போடமாட்டேன். ஃபான் ஓடினால் பதினொன்றும் அதற்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். றோட்டால் போகிறவர்கள் எட்டிப்பார்க்கிறார்கள் என்று யன்னலையும் சாத்திவிடுவேன். அவருடைய கடையிலோ கடற்காற்று. என் கணவருக்கு ஃபான். வேகுவது என்னுடைய வகுப்பில் மட்டும். சூடு ஏறினால்தான் அதற்குக் கசிகிறது. என் கணவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

“அப்ப மண்டபத்தில ஃபானை வைப்பம், முடிஞ்சுது” என்றார் அவர்.

“பொறுங்கோ. அது காய்ச்சல்காரனுக்கு விசிறி விடுறது. எந்தச் சாமான் காயுது எண்டு பிடிக்கோணும்.”

சனிக்கிழமை காலையில் அவர் வந்தபோது ஒரு கையில் சலூனில் இரவல் வாங்கிய ஹெயார் டிரையர், மறு கையில் ஒழுங்கைக் கடையில் வாங்கிய பன்னிரண்டு ஐஸ் பக்கற். நீட்டு உறைக்குள் சிவப்பும் பச்சையுமாக, பிள்ளைகள் கடித்து உறிஞ்சுமே, அதுதான். பிள்ளைகளின் கண் முழுவதும் அதிலேயே நின்றது.

மூடியைக் கழற்றினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் சாரத்தில் செருகிக்கொண்டார். கரண்ட் இருக்கும் பெட்டிக்குள் இரண்டு கையையும் விடக்கூடாதாம். என்னுடைய தட்டுக்கழியை, தாளம் தட்டும் அந்தத் தடியை, வாங்கி, உள்ளே ஒவ்வொரு சாமானையும் மெல்லத் தட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு ஹெயார் டிரையரால் சூடு பிடித்தார். மீற்றரின் முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறத் தொடங்கியது.

“கசியுது. பாத்தியளோ?” முதல் ஐஸ் பக்கற்றைத் துடைத்து, உலர்ந்த உறையொன்றுக்குள் போட்டு, நுனியை மூன்று கால் முளைத்த குட்டிச் சாமான் ஒன்றின், ட்ரான்சிஸ்டராம், தலையில் வைத்தார். முள் இறங்கவில்லை. “இவன் நல்லவன்” என்று சொல்லி, உறையைக் கழற்றி ஐஸ் பக்கற்றை முதற் பிள்ளையிடம் நீட்டினார். “நீங்கள் தின்னுங்கோ.”

இரண்டாவதும் நல்லவன். மூன்றாவதும் நல்லவன். ஒருவன் நல்லவன் என்று தீர்ப்பாகும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒன்பது பிள்ளைகள் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், குற்றவாளியைக் காணோம். பத்தாவது ஐஸ் பக்கற்றை உள்ளே ஒரு மூலையில், மிளகளவு தலையுள்ள சின்ன ட்ரான்சிஸ்டர் ஒன்றில் வைத்தார். முள் சடாரென்று பூச்சியத்துக்கு விழுந்தது. எடுத்தார், ஏறியது. வைத்தார், விழுந்தது. மூன்று தரம்.

“இவன்தான்” என்றார் பொறுங்கோ. அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. கால்கள் கறுத்துப்போன அந்தப் பொடியனை நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம்.

வரிசையின் கடைசியில் துவாரகா, எங்கள் வகுப்பில் ஆகச் சிறியவள், விம்மத் தொடங்கினாள். அவளுக்கும் இன்னொருத்திக்கும் ஐஸ் பக்கற் கிடைக்கவில்லை. “மாமா, இன்னும் ரெண்டு பேரைப் பாருங்கோவன்” என்றாள். பொறுங்கோ மிச்சமிருந்த இரண்டு பக்கற்றையும் கையில் எடுத்தார். “ஓம், சந்தேகம் தீரத்தானே வேணும்” என்று, குற்றமில்லையென்று நன்றாகத் தெரிந்த இரண்டு ட்ரான்சிஸ்டர்களையும் முறைப்படி விசாரித்து விடுதலை செய்தார். பத்தாவதை என் கணவர் தின்றார்.

அவனுக்குப் பக்கத்தில் சோடியாக இன்னொருவன் இருந்தான். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றவேண்டுமாம். பிஸ்கட் பேணியொன்றிலிருந்து ஐம்பது ட்ரான்சிஸ்டர்களைக் கொட்டி, ஒன்றோடொன்று ஒத்த இரண்டைத் தேடி அளந்தார்.

“அண்ணை, நாளைக்கு நிகழ்ச்சி.”

“நாளைக்குத்தானே, ரீச்சர்.”

பின்னேரம் ஈயம் வைத்து ஒட்டி முடித்தார். அரை மணித்தியாலம் ஹெயார் டிரையர் பிடித்தும் முள் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஃபான் வேண்டாம் என்று பொறுங்கோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேடைக்குப் பக்கத்தில் அம்பிளிபயரோடு இருந்து, மீற்றரிலேயே கண்ணாக இருந்தார். முதல் உருப்படி, இரண்டாவது உருப்படி. மூன்றாவது தொடங்கியது. அந்த இடம் வந்தது. பதினொரு பிள்ளைகளும் காலைத் தூக்கினார்கள். தூக்கியபடி நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை, பிள்ளைகள்தான் நின்றுவிட்டார்கள். இத்தனை கிழமை விழுந்து விழுந்து அவர்களுடைய கால் அதையே பழகிவிட்டது. இரண்டு தாளம் போனது. மூன்றாவதில் துவாரகா காலை ஓங்கி வைத்தாள், மற்றப் பத்துக் காலும் அவளோடு விழுந்தன. சபை அதை நான் கோத்த நுணுக்கம் என்று நினைத்து எழும்பி நின்று கைதட்டியது. நான் மறுக்கவில்லை. கடைசி உருப்படி வரைக்கும் ஒரு ‘டிக்’ இல்லை. திரை விழுந்தபோது நான் சின்னப் பிள்ளைபோல அழுதேன். என் கணவர் பத்தொன்பது கிலோவையும் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஒழுங்கையெல்லாம் கையசைத்துப் போனார்.

பொறுங்கோ மட்டும் சந்தோசப்படவில்லை. “ரீச்சர், மூண்டாவதில பிள்ளையள் ஏன் நிண்டவையள்?”

காரணத்தைச் சொன்னேன். கொப்பியை எடுத்து எழுதினார். “அப்ப பழுது இன்னும் போகேல்லை. செற்றில இருந்து பிள்ளையளுக்கு ஏறிட்டுது. நான்தான் மூண்டு கிழமை பிந்தினனான்.”

அடுத்த சனிக்கிழமை வந்து கதிரையில் இருந்தார். அதற்கடுத்த சனியும். அவர் இருந்தால் பிள்ளைகள் சத்தம் போடமாட்டார்கள். எனக்கும் வாய் கட்டிப்போகும். யாராவது பிழைவிட்டால் நான் பாய முதல் அவர் “பொறுங்கோ” என்பார், பிள்ளை தானாகத் திருந்திவிடும். நான்காம் சனிக்கிழமை பதினொரு பேரும் நிற்காமல் ஆடினார்கள். அப்படி மூன்று தரம் ஆடவைத்துப் பார்த்துவிட்டு, கொப்பியில் கோடு கிழித்து, மீற்றரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அந்தக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. நான் வழக்கம்போலக் கத்தினேன். பிள்ளைகள் வழக்கம்போல அழுதார்கள். மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. மறுநாள் யாரும் பார்க்காத நேரத்தில் அம்பிளிபயருக்குப் பின்னால் போய், ஒரு ஸ்பீக்கர் வயரை நானே கழற்றிவிட்டேன். பிறகு பொறுங்கோவுக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். பின்னால் எட்டிப்பார்த்தார். வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வயரைச் செருகிவிட்டுக் கொப்பியைத் திறந்தார்.

“இது திரும்பத் திரும்ப வாற பழுது, ரீச்சர்” என்றார். “சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து பாத்தாத்தான் சரிவரும்.”