திருப்பி வாங்கிய தாம்பூலம்

கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பையை மறுவாரமே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன்.

மலேசியாவில் சித்தி வீட்டு ஆரஞ்சு மரத்தில் ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணி சுற்றி, கொண்டைக்குள் செருகி, மேலே மல்லிகைப்பூ வைத்து விமானம் ஏறினேன். செடி கொண்டுவரக் கூடாதென்று ஏர்போர்ட்டில் போர்டே இருந்தது. (வாசித்தேன். விவசாயக் கல்லூரி மூன்றாம் வருஷம், வாசிக்கத் தெரியாதா?)

ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில் மாமாவின் எலுமிச்சைத் தோட்டம். மிலிட்டரியிலிருந்து வந்த பிறகு அவர் கையால் வைத்த மரங்கள். என் அக்கா கல்யாணத் தாம்பூலத்துக்காக இருநூறு எலுமிச்சங்கன்றுகளும் அங்கே பையில் வளர்ந்தன. அவற்றின் நடுவில் இன்னொரு கன்றை வைத்து, அதில் என் குச்சியை ஒட்டுக் கட்டினேன். துளிர்த்தது. நான் விஞ்ஞானி ஆகிவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோயிலில் கல்யாணம் முடிந்தது. இருநூறு கன்றும் விருந்தாளிகளோடு போயின. பெருமைக்கு என் செடியை போட்டோ எடுத்து வகுப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டேன். இலையில் திட்டுத் திட்டாக மஞ்சள். ஐந்தே நிமிஷத்தில் புரொபசர் போன் செய்தார்.

"எங்கேருந்து கொண்டு வந்தம்மா? யாரையும் கிட்ட விடாத."

மறுநாள் விவசாயத் துறை ஜீப்பில் இரண்டு ஆபீசர்கள் வந்தார்கள்.

"இந்த நோய்க்கு மருந்து கிடையாது. பூச்சி இதுல உக்காந்து அடுத்ததுல உக்காரும். இனி தோட்டத்த விட்டு ஒரு இலை வெளிய போகக் கூடாது. பக்கத்துல இருந்த கன்னெல்லாம் திரும்பி வரணும். பரவிருந்தா இந்த மரங்களையும் வேரோட எடுத்து எரிக்கணும்."

மாமா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போ. ஒண்ணு விடாம கொண்டா" என்றார். விருந்தாளிகள் லிஸ்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் வீடு, ஒரு பெரியம்மா.

"தாம்பூலத்த யாராச்சும் திருப்பி வாங்குவாகளாட்டி? மாப்ள வீட்டோட என்ன தகராறு?"

"தகராறு இல்ல பெரியம்மா. செடிக்குச் சீக்கு."

"மறைக்காதட்டி. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் ராஜபாளையத்தில் நாற்பதாவது வீட்டுக்காரர் என்னிடமே விசாரித்தார்: "ஒங்க அக்கா பெட்டியோட வந்துட்டாளாமே?" அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா அழுதுகொண்டே போன். "எங்க மேல என்ன குறை கண்டீக?" அக்கா அடுப்படியில் இருக்கிறாள் என்று அவர்களிடமே நான் சத்தியம் செய்தேன். (இருந்ததோ அவர்கள் வீட்டு அடுப்படியில்.)

என் செடியில் நோய் உறுதியானது. கண் முன்னால் எரித்தார்கள். மரங்களில் இதுவரை இல்லை. திரும்பவும் வந்து பார்ப்பார்களாம். எந்த விசேஷத்தில் நான் தாம்பூலத்தட்டைத் தூக்கினாலும், "திருப்பி வாங்க எப்ப வருவட்டி?" என்று பையை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். மாமா மட்டும் சிரிப்பதில்லை.

இன்று வரை நூற்றுத் தொண்ணூற்றொன்பது கன்று வந்திருக்கிறது.