இணைச்சீரில் நான் பறந்த கதை

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நான் பறந்திருக்கிறேன். அதுவும் கல்யாண மேடையிலிருந்து, பட்டுப்புடவையோடு, மாப்பிள்ளையான என் அண்ணனையும் இழுத்துக்கொண்டு.

எல்லாம் ஒரு யூடியூப் வீடியோவால் வந்த வினை. கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிட்டால் அங்கே நாம் வைத்ததுதான் சட்டமாம். பறக்கலாமாம். ஆபீஸில் என் பேச்சை ஒரு ஈ காக்கைகூடக் கேட்பதில்லை, கனவாவது கேட்கட்டுமே என்று இறங்கிவிட்டேன். விடியும் முன்பே அலாரம் வைத்து எழுந்து, கொஞ்சம் உலாத்திவிட்டு மறுபடி தூங்க வேண்டும். கனவு கெட்டியாக வரும். பகலில் அடிக்கடி ஒரு சோதனை வேறு. எதையாவது படித்துவிட்டுத் தலையைத் திருப்பி, மறுபடி படிக்க வேண்டும். எழுத்து மாறியிருந்தால் அது கனவு.

கனவு வரவில்லை. இருந்த தூக்கமும் போனது. (பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கும் கலை மட்டும் கைவந்தது.)

இந்த லட்சணத்தில்தான் அண்ணன் கல்யாணம் வந்தது. கருமத்தம்பட்டியில் பவர்லூம் வைத்திருக்கும் பையனுக்குப் பெண் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. போன வீட்டிலெல்லாம் “பையன் வெளிநாடு போவாருங்களா?” என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சத்தியமங்கலத்தில் சுகன்யா கிடைத்தாள். அவளுடைய அப்பா, பல்லி கத்தினாலே காரியத்தைத் தள்ளிப்போடுகிற மனிதர்.

“அம்மணி, தாலி ஏறுற வரைக்கும் ஒரு கோளாறும் பண்ணிப்போடாத கண்ணு,” என்று அப்பா என்னிடம் கெஞ்சினார்.

எங்கள் பக்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளுக்குச் செய்யும் மரியாதை அது. கூறைப்புடவையின் ஒரு தலைப்பு அண்ணன் கக்கத்தில், மறு தலைப்பு என் கையில். அப்படியே மேடையில் நின்றேன். கண் சொருகியது. திறந்து பார்த்தால், ஒரு ட்ரோன் மாலையைத் தூக்கிக்கொண்டு பறந்து வருகிறது. வாசலில் குழந்தைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த கரடி வேஷக்காரர் மேடைக்குக் கீழே நிற்கிறார். எங்கிருந்தோ வெள்ளைப் புகை.

சந்தேகம் வந்துவிட்டது. எதிரே இருந்த பெரிய திரையைப் படித்தேன். ‘கதிர்வேல் – சுகன்யா’. தலையைத் திருப்பி மறுபடி படித்தேன். ‘ஆழ்துளைக் கிணறு அமைத்துத் தரப்படும்’. எழுத்துக்குப் பக்கத்தில் மாமாவின் படம் சிரிக்கிறது. (திரைக்கு வாடகை கொடுத்து, நடுவில் தன் விளம்பரத்தையும் ஓடவிட்டவர் அவர்தான் என்று எனக்கெப்படித் தெரியும்?)

கனவேதான்! சந்தோஷத்தில் கூறைப்புடவையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

“அண்ணா, கெட்டியாப் புடிச்சுக்க. ஊட்டிக்குப் போயிரலாம்!” என்று கைகளை விரித்துக் குதித்தேன்.

நான் முன்னால், அண்ணன் பின்னால். இருவரும் கரடிமேல் விழுந்தோம். மெத்தென்று இருந்தது, துளி வலியில்லை. இனி என்ன சந்தேகம்!

“அக்கா, எந்திரிங்க, மூச்சு முட்டுது,” என்றது கரடி. பேசுகிற கரடி! இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாதஸ்வரம் நின்றது. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சுகன்யாவின் அப்பா விறுவிறுவென்று வந்தார். இன்னொரு வீட்டுக் காபியோடு அண்ணன் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ என் முன்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஏனுங்க தாயீ, எங்க மேல ஏதாச்சும் குறைங்களா?”

என் கனவில் என்னையே கேட்கிறார். விடுவேனா?

“ஆமா! நூடுல்ஸு, பன்னீரெல்லாம் எவனுக்கு வேணும்? அரிசிம்பருப்புச் சோறு எங்க? நெய் ஊத்திக் கொண்டா!”

“செஞ்சுபோடலாமுங்க தாயீ. அப்புறமுங்க?”

“சுருக்காத் தாலியக் கட்டச் சொல்லு. எனக்குத் தூக்கம் வருது.”

யாரோ ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். அந்தக் குளிரில்தான் முழித்தேன். முழித்த பிறகும் அதே மண்டபம், அதே கரடி.

“கழுத, இது நெசம். வாயத் தொறக்காத,” என்று அண்ணன் காதைக் கடித்தான். அவமானத்தில் செத்தேன். ஆனால் என்மேல் வந்த சாமி சொல்லிவிட்டதே! அதற்குப் பின் பல்லி கத்தியும் யாரும் சட்டை செய்யவில்லை. தாலி ஏறியது.

சம்பந்தி வீட்டு மாரியம்மன் நோம்பிக்கு இன்றும் எனக்குத் தனி அழைப்பு, தனிக் குண்டாவில் அரிசிம்பருப்புச் சோறு. வீட்டில் எந்த விசேஷமானாலும் சுகன்யா என் முந்தானையைத் தூணில் கட்டப் பார்க்கிறாள். “நாத்தனா பறந்துருவாங்க!”

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். கனவும் கெட்டியாக வருகிறது. அதே மேடை, அதே புகை. திரையில் எழுத்து மாறுகிறது, கரடி பேசுகிறது. உடம்பு காற்றில் எழும்பப் பார்க்கிறது. நானோ, இது நிஜமாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, விடியும்வரை அசையாமல் நிற்கிறேன்.