ரிஜெக்ட் ஐயாவுக்கு வந்த கேள்வித்தாள்

கோவில்பதாகையில் வெந்த இட்லி எதுவும் ரிஜெக்ட் ஐயாவிடம் பாஸானதாகச் சரித்திரமே கிடையாது. அந்த ஊரில் நான் வார்டனாக இருந்த மனநலக் காப்பகத்தில் பதினான்கு வருஷம் இருந்தவர். வயது அறுபத்தெட்டு. தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தபோது காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து வேலையை விட்டார். பரிசோதனையை மட்டும் விடவில்லை. இட்லியைக் கட்டைவிரலால் அளப்பார். "ஓரத்துல மெலிசா கீது. ரிஜெக்ட்!" சாம்பார், தலையணை, புது டாக்டர், என் புடவை எல்லாமே ரிஜெக்ட்தான். தினம் நாலு தடவையாவது என் பிராணனை வாங்குவார்.

அண்ணனூரில் எங்கள் காப்பகத்துக்கு ஒரு சின்ன வீடு உண்டு. தேறியவர்கள் நாலு பேர் அங்கே தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். அதில் ஓர் இடம் காலியானது. ஐயாவுக்கு அங்கே போகக் கொள்ளை ஆசை. ஆனால் அவருடைய முரண்டு பழைய வியாதியின் மிச்சமா, வியாதிக்கு முன்பிருந்தே உள்ள ஆளுமைக் கோளாறா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கோளாறு என்றால் அண்ணனூர் கிடையாது. காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் குடியிருக்கும் ஓர் இளம் உளவியலாளர் கேள்வித்தாளோடு வந்து உட்கார்ந்தார்.

"தனியா இருக்கறது பிடிக்குமா சார்?"

"ஒரே ரூம்ல எட்டு பேரு கீறோம். தனியான்னா எப்டி இருக்கும்னே மறந்துபூட்ச்சு நைனா."

"உங்க பொருளை மத்தவங்க எடுத்துக்கறாங்கன்னு சந்தேகம் வருமா?"

"சந்தேகம் இன்னாத்துக்கு? அதோ, என் சட்டையைப் போட்டுகினு போறான் பாரு."

உண்மைதான். எங்கள் சலவையில் சட்டை மாறாத நாளே இல்லை. அதற்குள் அந்தத் தம்பி 'சந்தேக குணம்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். அசடு வழிந்தபடி அடித்துத் திருத்தினார்.

"எதையும் திரும்பத் திரும்ப செக் பண்ணுவீங்களா?"

"அதுக்குத்தான்யா சம்பளமே குடுத்தாங்கோ. ஆமா, உன் கேள்வியை யாரு செக் பண்ணது? ஊட்ல கீறவனுக்கு எய்தினதை எத்துகினு வந்து இங்க கேக்கறே. ரிஜெக்ட்!"

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இத்தனை வருஷமாக வந்துபோன படிப்பாளிகள் ஒருவருக்கும் இது உறைக்கவில்லையே! சொல்லப்போனால் எனக்கும்தான்.

வியாதிக்கு முன்னால் எப்படி இருந்தார் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஐயாவின் தங்கைக்குப் போன் போட்டேன். புத்திகெட்ட நான் அதை ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன். "அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லீங்க," என்று வைத்துவிட்டார். ஐயா பக்கத்திலேயே இருந்தார். அன்று மதியம் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

"அப்போ ரொம்ப நாளா அவரைத் தெரிஞ்சவங்க நீங்கதான் மேடம்," என்று படிவத்தை என்னிடம் நீட்டினார் தம்பி.

'இவரோடு சேர்ந்து வாழ்வது கஷ்டமா?' என்றிருந்தது. ஆமாம் என்று எழுத என்னிடம் பதினான்கு வருஷத்துக் காரணம் இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் மாத்திரை போட்டாரா என்று பார்க்காமல் இந்த மனுஷன் ஒரு நாளும் படுத்ததில்லை. 'பேச்சுதான் கஷ்டம், ஆள் கஷ்டமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐயாவுக்கு அண்ணனூர் கிடைத்தது. கிளம்பும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்டோவின் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாடா, விட்டது சனி!" என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மறுநாள் காலை அத்தனை பேரும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். நான்தான் என் இட்லியைக் கட்டைவிரலால் அளந்தேன்; ஓரத்தில் மெலிசாகத்தான் இருந்தது.